மாத்திரையும் மாதரார் இதயமும்

அரசர்கள் செய்த போர்களையும் அவர்கள் எடுப்பித்த கோட்டைகளையும் கூறுவதே வரலாறு என்று கருதுவோர் பலர். மருந்துக் குப்பிக்கும் வரலாறு உண்டு. ஒரு நம்பிக்கை பிறந்து, கற்றோரால் போற்றப்பெற்று, இறுதியில் சோதனைக்கு ஆளான கதை ஒன்றை இன்று கூற விரும்புகிறேன். நம் இல்லங்களிலுள்ள தாய்மாரின் நலத்தோடு தொடர்புடைய கதை இது.

மாதவிடாய் நிற்கும் பருவத்திற்கு முன்பு, ஒத்த வயதுடைய ஆடவரைக் காட்டிலும் பெண்டிருக்கு மாரடைப்பு குறைவாகவே நேர்கிறது. அப்பருவம் கடந்தபின் நோய் மெல்ல மெல்ல மிகுகிறது. அதே பருவத்தில்தான் சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குன்றுகிறது. குறைந்ததைக் கொடுத்தால் இதயம் காக்கப்படும் அன்றோ என்று அறிஞர் எண்ணியதில் வியப்பில்லை. அவ்வெண்ணம் அறிவுக்குப் பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் பொருத்தமாகத் தோன்றுவது வேறு. உண்மையாக இருப்பது வேறு.

1942ஆம் ஆண்டில், கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ‘பிரிமரின்’ என்னும் பெயரால் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உடல் வெப்பம் திடீரென ஏறி வியர்க்கும் துன்பத்திற்கு அது நன்மருந்தாயிற்று. 1966இல் ராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர் நூலொன்று எழுதி, மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய் என்றும், மாத்திரையால் பெண்மை என்றும் நிலைக்கும் என்றும் பறைசாற்றினார். மருந்தின் புகழ் பரவிற்று. 1975இல் முதல் எச்சரிக்கை வந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்பவர்க்குக் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் மிகுவதை இரண்டு ஆராய்ச்சிகள் காட்டின. அதனைத் தடுக்க, கருப்பை உள்ளவர்க்குப் புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோனும் சேர்த்துத் தரப்பட்டது.

இதற்கிடையே விந்தையான சோதனை ஒன்றும் நிகழ்ந்தது. மாரடைப்புற்ற ஆடவர்களுக்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த பெருஞ்சோதனையில் ஈஸ்ட்ரோஜனும் ஒன்றாயிருந்தது. நன்மை விளையவில்லை, கேடே மிகுந்தது. ஆகவே 1970இல் மிகுந்த அளவும், 1973இல் குறைந்த அளவும் நிறுத்தப்பட்டன. ‘அவர்கள் ஆடவர், பெண்டிர்க்கு அது பொருந்தாது’ என்று பலரும் அமைதி கொண்டனர்.

1985இல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழொன்றின் ஒரே வெளியீட்டில், அடுத்தடுத்து இரு கட்டுரைகள் வந்தன. பல்லாயிரம் செவிலியரை ஆராய்ந்த ஒன்று, ஹார்மோன் உண்டவர்க்கு இதயநோய் பாதியளவே என்றது. பிரேமிங்காம் நகரத்து மாதரை ஆராய்ந்த மற்றொன்று, நோய் மிகுந்தது என்றது. ஒன்றையொன்று மறுக்கும் அவ்விரண்டனுள் இனியதையே உலகம் ஏற்றது. 1992இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும், இதயநோய்க்கு ஆளாகக்கூடிய பெண்டிர் ஹார்மோனால் பயனடையக்கூடும் என்று அறிவுரை வழங்கிற்று.

பிழை எங்கே நுழைந்தது? என் ஆசிரியப் பணியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். எங்கள் பள்ளியில் விரும்பிய மாணவர்க்கு மாலை வகுப்பு நடத்தினோம். அதற்கு வந்தவர்கள் மிகுதியான மதிப்பெண் பெற்றனர். எங்கள் போதனையின் திறம் என்று பெருமிதம் கொண்டோம். ஓராண்டு விரும்பியோர் தொகை மிகுந்து இடம் போதவில்லை. திருவுளச் சீட்டு எடுத்துப் பாதிப் பேரையே சேர்த்தோம். அவ்வாண்டுத் தேர்வில் சேர்ந்தோர்க்கும் சேராதோர்க்கும் பெரிய வேறுபாடு காணோம்! மாலை வகுப்பை நாடி வந்த பிள்ளைகள் இயல்பாகவே ஊக்கமுடையவர்கள். அவ்வூக்கத்தின் பயனை நாங்கள் எங்கள் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

மாத்திரையை விரும்பி உண்ட பெண்டிரும் அத்தகையோரே. பெரும்பாலும் அவர்கள் கல்வியும் வசதியும் உடையவர், மருத்துவரை அடிக்கடி காண்பவர், உடல்நலம் பேணுபவர். நான் முன்னர்க் கூறிய ஆடவர் சோதனையே இதற்கு 1980இல் அரிய சான்று தந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரையைத் தவறாது உண்டோருள் ஐந்தாண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் இறந்தனர். அதே வெற்று மாத்திரையை ஒழுங்கின்றி உண்டோருள் 28 பேர் இறந்தனர். காத்தது மாத்திரையன்று; ஒழுங்காக வாழும் இயல்பே எனலாம். அந்தப் பாடத்தை அன்று ஊன்றிக் கற்றவர் சிலரே.

இறுதியில் திருவுளச் சீட்டு முறையே துணைக்கு வந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநர் பெர்னடீன் ஹீலி, 1991இல் பெண்டிர் நலனுக்கென்றே ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினார். அதன் முடிவு வருமுன்பே, ஏற்கெனவே இதயநோயுற்ற 2,763 பெண்டிரிடம் நடந்த வேறொரு சோதனை 1998இல் வெளியாயிற்று. மொத்தத்தில் பயனில்லை, முதலாண்டில் மாரடைப்பு மிகுந்தது. பின்னர் 2002ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 16,608 பெண்டிர் பங்குகொண்ட பெருஞ்சோதனையின் ஒரு பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. இரு ஹார்மோன்களையும் சேர்த்து உண்ட 10,000 பேரில் ஆண்டொன்றுக்கு இதயநோய் 7 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும் கூடுதலாக நேர்ந்தன. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பேரிடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் சோதித்த பகுதியும் 2004இல் நின்றது. அங்கே இதயத்திற்குக் காப்பு இல்லை, பக்கவாதம் மிகுந்தது.

செய்தி கேட்ட பெண்டிர் பலர் அஞ்சி மருந்தை அறவே விட்டனர். துன்பம் தணிய அது தேவைப்பட்டவரும் விட்டனர். முன்பு நம்பிக்கை எல்லை மீறியது. பின்பு அச்சம் எல்லை மீறியது. சோதனையில் சேர்ந்தோரின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று நெடுங்காலம் ஆனவர்களே அவர்களுள் மிகுதி. 2016இல் வெளியான ஒரு சோதனையில், மாதவிடாய் நின்று ஆறாண்டுக்குள் ஈஸ்ட்ரோஜன் தொடங்கியவர்க்குக் கழுத்து நாடியின் சுவர் தடிப்பது மெதுவாயிற்று. பத்தாண்டு கடந்து தொடங்கியவர்க்கு அப்பயன் இல்லை. காலமும் மருந்தின் ஓர் உறுப்பு என்று இதனால் ஊகிக்கலாம். ஆயினும் நாடிச் சுவரின் அளவு வேறு, மாரடைப்பு தடுக்கப்படுதல் வேறு.

ஆகவே, இதயத்தைக் காப்பதற்கென்றே இம்மாத்திரையை உண்ணுதல் தகாது என்பது வல்லுநர் பலரின் முடிபு. வெப்பமும் வியர்வையும் வாட்டுமாயின், அறுபது வயதுக்கு முன்னோ, மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள்ளோ, மருத்துவர் ஆராய்ந்து தரலாம். தாமே தொடங்குவதும் தாமே நிறுத்துவதும் நன்றன்று. இரத்த அழுத்தத்தைக் காத்தல், புகையிலையை விடுதல், நாள்தோறும் நடத்தல் ஆகிய பழைய அறிவுரைகள் பழுதுபடாமல் நிற்கின்றன.

நேயர்களே, கற்றோர் பிழை செய்தனர் என்று எள்ளி நகையாடுவதற்காக இதனைக் கூறவில்லை. தம் பிழையைத் தாமே சோதித்து அறிந்து, உலகறிய ஒப்புக்கொண்டனர் என்பதே இக்கதையின் பெருமை. அந்தத் துணிவுக்கு, சீட்டு விழுந்த பக்கம் நின்று பல்லாண்டு மாத்திரை உண்ட, பெயர் அறியப்படாத அப்பெண்டிரும் காரணர். அவர்களுக்கு உலகத்துத் தாய்மார் அனைவரும் கடன்பட்டுள்ளனர்.