ஏக்கர்

ஏக்கர் என்பது நிலப்பரப்பை அளக்கும் ஆங்கிலேய அலகு. 43,560 சதுர அடி. ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் எந்த அளவையும் குறிக்கவில்லை. வயல், உழுநிலம் என்பதே பொருள். லத்தீனின் 'அகெர்', கிரேக்கத்தின் 'அக்ரோஸ்', சமஸ்கிருதத்தின் 'அஜ்ர' ஆகியவை இதற்கு உறவு. ஜெர்மானியர் இன்றும் உழுநிலத்தை 'ஆக்கர்' என்கிறார்கள்.

இடைக்கால இங்கிலாந்தில், ஏர் மாடுகள் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்று பொருள் குறுகியது. பல மாடுகள் பூட்டிய கனத்த கலப்பையை வரப்போரத்தில் திருப்புவது பெரும்பாடு. ஆகவே சால் நீளமாகவும் நிலம் ஒடுக்கமாகவும் இருந்தன: நீளம் 40 கோல், அகலம் 4 கோல். கோல் ஒன்று பதினாறரை அடி. 660 அடியை 66 அடியால் பெருக்கினால் 43,560 வரும். பள்ளிப் பிள்ளைகளை வதைக்கும் அந்த எண்ணுக்கு மாடுகளே பொறுப்பு. 1620 வாக்கில் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்டர் நிலம் அளக்கும் 66 அடிச் சங்கிலியை நூறு கண்ணிகளாகப் பகுத்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கரானது. ஆனாலும் ஊருக்கு ஊர் ஏக்கர் மாறியது. அயர்லாந்து ஏக்கர் ஆங்கிலேய ஏக்கரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 1824ஆம் ஆண்டுச் சட்டமே பிரிட்டனில் ஒரே அளவை வகுத்தது.

அமெரிக்காவில் இந்த அலகு அரசியலாயிற்று. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை வழங்கியது; அது பழங்குடிகளிடமிருந்து பறித்த மண். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்குத் தென்கிழக்குக் கடலோரத்தில் 40 ஏக்கர் வரை ஒதுக்கி ஆணையிட்டார். அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய பண்ணையார்களிடமே திருப்பிவிட்டார். 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்பது அங்கே இன்றும் ஏமாற்றப்பட்ட வாக்குறுதியின் பெயர்.

தமிழகத்தில் 1792க்குப் பின் பாராமகால் பகுதியை அளந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடு, 33 அடிச் சதுரத்தைக் குண்டாவாகவும் 40 குண்டாவை ஏக்கராகவும் கொண்டார். ஏறத்தாழ ஓர் ஏக்கரும் மூன்றில் ஒரு பங்கும் கொண்ட காணி, மா, வேலி முதலிய பழைய அளவுகள் மெல்லப் பின்வாங்கின. ஏக்கரில் நூறில் ஒரு பங்கான சென்ட் இப்போது வீட்டுமனைப் பேரத்திலும் புழங்குகிறது. நில உச்சவரம்பு 1970இல் 30 'ஸ்டாண்டர்ட் ஏக்கரிலிருந்து' 15ஆகக் குறைந்தது. ஸ்டாண்டர்ட் ஏக்கர் பரப்பை மட்டும் பார்ப்பதல்ல. நிலவரித் தீர்வையை ஒட்டி நஞ்சைக்கு ஒரு கணக்கு, புஞ்சைக்கு வேறு கணக்கு. வளமான மண்ணில் இந்த ஏக்கர் சிறுக்கும், வறண்ட மண்ணில் விரியும். பட்டா ஹெக்டேருக்கு மாறியும் பேச்சு மாறவில்லை. இலங்கையிலோ ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். கொழும்பு மனைகள் இன்றும் பேர்ச்சஸ் கணக்கில்தான் விலைபோகின்றன.