ரைனோஸ்போரிடியோசிஸ்

ரைனோஸ்போரிடியோசிஸ் என்பது மூக்கினுள்ளும், சிலருக்குக் கண்ணிமையின் உட்புறத்திலும் சதை வளரச் செய்யும் அரிய வெப்பமண்டல நோய். ரைனோஸ்போரிடியம் சீபெரி என்ற நுண்ணுயிரி இதைத் தோற்றுவிக்கிறது. உலகில் பதிவாகும் நோயாளிகளில் பெரும்பாலோர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். தமிழகத்தில் திருநெல்வேலி, ராமநாதபுரம் முதலிய தென்மாவட்டங்களில் இது காணப்படுகிறது.

பரவல்

குளம் குட்டைகளில் குளிப்போரிடமும் ஆற்று மணல் அள்ளுவோரிடமும் இந்நோய் மிகுதி. திருநெல்வேலி வழியே ஓடும் தாமிரபரணி ஆற்றின் 8 அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் வழியெங்கும் குளங்களை நிரப்புகின்றன. மனிதர் குளிப்பதும் மாடு குளிப்பாட்டுவதும் பல ஊர்களில் ஒரே குளத்தில்தான். மாடு, குதிரைகளுக்கும் இந்நோய் வரும். மூக்கின் உட்சவ்வில் உள்ள சிறு கீறல் வழியே கிருமி நுழைவதாகக் கருதப்படுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஊரே குளிக்கும் குளத்தில் சிலருக்கு மட்டுமே நோய் வருவதால், அவரவர் உடலின் எதிர்ப்பாற்றலுக்கும் இதில் பங்கிருக்கலாம்.

அறிகுறிகள்

மூக்கடைப்பு, மூக்கில் ரத்தம் வடிதல் ஆகியவை முதன்மையானவை. பெரும்பாலும் வலி இராது. சதை முசுக்கட்டைப் பழம்போலச் சிவந்து சொரசொரப்பாக இருக்கும். தொட்டாலே ரத்தம் கசியும். அதன்மேல் தெரியும் வெண்புள்ளிகள் முதிர்ந்த வித்துப்பைகள். அரை மில்லிமீட்டரை நெருங்கும் ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான வித்துகள் அடங்கியிருக்கும். சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து நோயை உறுதிசெய்வர்.

வகைப்பாடு

1900இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் கில்லெர்மோ சீபர் இக்கிருமியை விவரித்தார். அவர் இதை ஒற்றைச்செல் ஒட்டுண்ணியாகக் கருதினார். 1923இல் எடின்பரோவில் ஆஷ்வர்த் இதன் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்து பூஞ்சைகளோடு சேர்த்தார். ஆய்வகத்தில் வழக்கமான ஊடகங்களில் வளர்க்க முடியாததால் அம்முடிவைச் சரிபார்ப்பது கடினமாக இருந்தது. 1999இல் வெளியான மரபணு ஆய்வு, இது பூஞ்சையன்று, மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளின் உறவினம் என்று காட்டியது. இவ்வினங்கள் அடங்கிய பிரிவு மெசோமைசீட்டோசோயா எனப்படுகிறது. ஆயினும் மருத்துவப் பாடநூல்கள் பலவற்றில் இந்நோய் இன்றும் பூஞ்சை நோய்களின் வரிசையிலேயே இடம்பெறுகிறது.

மருத்துவம்

பூஞ்சைக்கொல்லி மருந்துகளை நம்பி இருக்க முடியாது. சதையை அறுத்தெடுத்து, அது முளைத்த இடத்தை மின்சூட்டால் கருக்குவதே முதன்மைச் சிகிச்சை. அறுவையின்போது சிதறும் வித்துகள் பக்கத்துச் சவ்வில் படிந்தால் சதை மறுபடி வளரும். அதைத் தடுக்க, தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன் மாத்திரையைச் சில மாதங்கள் கொடுப்பதுண்டு. அறுவைக்குப் பின் சில ஆண்டுகள் பரிசோதனைக்கு வந்துபோவதும் குளத்து நீரில் மூழ்கிக் குளிப்பதைத் தவிர்ப்பதும் நல்லது.