உலாவிடமும் உழைப்பிடமும்: சென்னை மெரினாக் கடற்கரையின் உருவாக்கமும் கரையுரிமைச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக்குச் சில நாள் பயணமாக வருவோர் தவறாது காணும் இடம் மெரினாக் கடற்கரை. அதன் அகன்ற மணல்வெளி தொன்மையான இயற்கை அமைப்பு அன்று; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகத்தின் விளைவாகத் திரண்டது. அம்மணல்வெளிக்கு 1884ஆம் ஆண்டு உலாவிடம் என்னும் தகுதி வழங்கப்பட்டது முதல், உலாவருவோரின் கரையும் மீன்பிடிப்போரின் கரையும் வெவ்வேறானவை என்னும் கருத்து நிலைபெறத் தொடங்கியது. இக்கருத்து தோன்றி வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: மெரினா, சென்னைத் துறைமுகம், மணற்படிவு, பட்டினவர், கடலாடு காதை, கரையரிப்பு, லூப் சாலை

முன்னுரை

நகரத்தார் பொழுதுபோக்கிற்காகக் கடற்கரைக்குச் செல்லும் வழக்கம் தமிழ் நிலத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை புகார் நகர மக்களின் ஒருநாள் கடற்கரைப் பயணத்தையே விரித்துரைக்கிறது. கோவலன் அத்திரியிலும் மாதவி வையத்திலும் ஏறி, கடைவீதிகளைக் கடந்து, கரையை அடைகின்றனர். அங்கே அவர்கள் காணும் விளக்குகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்தும் முறை இங்கு நோக்கத்தக்கது. பிட்டு விற்போர், அப்பம் விற்போர், மீன் விற்போர் ஆகியோரின் விளக்குகளும், கலங்கரை விளக்கமும், பரதவரின் மீன்திமில் விளக்கும் ஒரே காட்சியில் இடம்பெறுகின்றன. இன்பம் நாடி வந்தோரின் பார்வையில் மீன்பிடித் தொழில் இடையூறாகப் படவில்லை. காட்சியின் ஒரு பகுதியாகவே அமைந்தது. காப்பியம் காட்டுவது இலக்கியப் புனைவே, நகர்ப்புற ஆவணம் அன்று என்பது உண்மையே. ஆயினும் உலாவிடத்தையும் உழைப்பிடத்தையும் பிரித்தறியாத ஒரு பார்வை தமிழ் மரபில் இருந்தமைக்கு அது சான்றாகிறது. அப்பிரிவு சென்னையில் எப்போது, எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

துறைமுகத்திற்கு முந்தைய கரை

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்க, பயணிகளும் சரக்கும் அலைமுறியும் பகுதியைப் படகுகளில் கடந்தே கரைசேர வேண்டியிருந்தது. அதற்குப் பயன்பட்டவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த அப்படகுகள் அலை மோதும்போது வளைந்து கொடுத்தன. ஐரோப்பியப் படகுகள் அங்கே உடைந்தன. கட்டுமரங்களில் சென்றோர் கப்பலுக்கும் கரைக்கும் இடையே செய்தி கொண்டு சேர்த்தனர். ஆகவே, துறைமுகம் அமையும்வரை கரைவாழ் மக்களின் உழைப்பு இன்றி எந்த ஆளுநரும் இந்நகரில் காலடி வைத்திருக்க இயலாது. நகரின் வாயிலாக அவர்களே இருந்தனர் எனலாம்.

அக்காலத்தில் கடல் எங்கிருந்தது என்பதற்கு ஒரு கட்டடமே சான்று. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக டியூடர் நிறுவனத்தார் 1842ஆம் ஆண்டளவில் கட்டிய ஐஸ் ஹவுஸ், கரையோரம் இறக்கிய சரக்கை உருகுமுன் உள்ளே சேர்க்கும் நோக்கில் கடலை ஒட்டியே எழுப்பப்பட்டது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் அக்கட்டடத்திற்கும் அலைக்கும் இடையே காமராசர் சாலையும், அதற்கப்பால் கடக்க நெடுநேரம் பிடிக்கும் மணல்வெளியும் உள்ளன. கட்டடம் நகரவில்லை, கடல்தான் விலகியது.

மணல் வந்த வழி

கடல் விலகியதன் காரணம் துறைமுகம். 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, அடுத்த ஆண்டு முதல் கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. பணி நிறைவுறும் தறுவாயில் 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மறுகட்டுமானம் அந்நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதனை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளுகின்றன. முன்னதன் காலம் நீண்டது. எனவே ஆண்டுக் கணக்கில் மணலின் நிகரப் பயணம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே அமைகிறது. இந்தப் பாதையின் குறுக்கே கற்சுவர் எழுந்ததும் வடக்கு நோக்கிச் சென்ற மணல் அதன் தென்புறத்தில் தேங்கியது. ஆண்டுதோறும் கரை கிழக்கே நகர்ந்தது. துறைமுகத்தாருக்கு இது பெருந்தொல்லையாயிற்று; கிழக்கு நோக்கி அமைந்திருந்த வாயிலை மணல் தூர்க்கத் தொடங்கியதால், பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் அதனை மூடி வடகிழக்கில் வேறு வாயில் அமைக்க நேர்ந்தது. பொறியாளர்க்குத் தலைவலியான அதே மணலே நகரத்தார்க்கு உலாவிடமாயிற்று.

பயண வழிகாட்டி நூல்கள் மெரினாவை உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை எனத் தவறாமல் குறிப்பிடுகின்றன. எங்குத் தொடங்கி எங்கு முடியும் கரையை அளந்து இத்தகுதி வழங்கப்பட்டது என்பதை அவை கூறுவதில்லை. நீளத்தைக் காட்டிலும் அகலமே இக்கடற்கரையின் வரலாற்றைச் சொல்வது. அதைப் பற்றி அந்நூல்களில் ஒரு வரியும் காண்பதரிது.

பெயர் சூட்டல்

1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப், புதிதாகத் திரண்ட மணலின் மேற்கு ஓரத்தில் நடைபாதையும் சாலையும் அமைத்தார். பொலிவற்றுக் கிடந்த கரையை உலகின் மிக அழகிய உலாவிடங்களுள் ஒன்றாக மாற்றியதாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். சிசிலித் தீவில் கண்ட கடற்கரைகளின் நினைவால் 1884இல் மெரினா எனப் பெயரிட்டதாகவும் கூறினார். மாநிலக் கல்லூரி, செனட் மாளிகை ஆகிய சிஷோமின் கட்டடங்கள் ஏற்கெனவே அச்சாலையை நோக்கி நின்றன. கட்டடம், சாலை, நடைபாதை, மணல், கடல் என்று அடுக்கடுக்காக விரியும் காட்சி இவ்வாறு முழுமை பெற்றது.

அவ்வடுக்கில் குப்பங்களுக்கு இடமில்லை. நடுக்குப்பம், அயோத்தியாக்குப்பம், மாட்டாங்குப்பம், நொச்சிக்குப்பம் ஆகியவற்றில் வாழ்ந்த பட்டினவருக்கு அக்கரை காட்சிப் பொருளன்று. அது கட்டுமரம் ஏற்றும் துறை, வலை உலர்த்தும் களம், கரைவலை இழுக்கும் இடம், மீன் ஏலம் விடும் சந்தை. மேலும் துறைமுகம் கப்பல்களைக் கரையருகே கொணர்ந்ததால் மசூலாப் படகோட்டிகளின் தொழில் படிப்படியாக நலிந்தது. ஒரே கற்சுவர் ஒரு சாராரின் தொழிலைப் பறித்து மறுசாராருக்கு உலாவ மணல் கொடுத்தது என்னும் இந்த இணைவை மெரினாவின் வரலாற்றை எழுதியோர் போதிய அளவில் கருதவில்லை. ஆளுநரின் பெயர்சூட்டலே அவ்வரலாற்றின் தொடக்கமாகத் தொடர்ந்து கொள்ளப்படுகிறது.

எவருக்கும் உரிய மணல்

உலாவுவதற்கென அமைக்கப்பட்ட இடம் அவ்வாறே நிலைக்கவில்லை. சுவரும் வாயிலும் கட்டணமும் இல்லாத பெருவெளி என்பதால் அரசியல் கூட்டங்கள் அங்கே இயல்பாகத் திரண்டன. 1907ஆம் ஆண்டு விபின் சந்திர பாலர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மக்கள் திரண்டனர். அவரது வருகைக்கு முன்னின்றோருள் பாரதியாரும் ஒருவர். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தின நிகழ்வை நடத்தத் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களும் கடற்கரைகளே: ஒன்று உயர்நீதிமன்றத்திற்கு எதிரிலும், மற்றொன்று திருவல்லிக்கேணியிலும் அமைந்தன. அயோத்தியாக்குப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆளுநர் உலாவிடமாகக் கண்ட கரையில் அக்கரையிற் பிறந்த ஒருவரே தொழிலாளர் கொடியை ஏற்றினார்.

விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் இவ்வரசியல் நினைவைச் சிலைகளாக உறைய வைத்தன. 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையும், 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழ்ச் சான்றோர் சிலைகளும், 1969க்குப் பின் முதலமைச்சர்களின் நினைவிடங்களும் எழுந்தன. அச்சிலை வரிசையில் கண்ணகியும் இடம்பெற்றது ஒரு முரண். காப்பியத்தில் கடலாடச் சென்றவர்கள் கோவலனும் மாதவியும். கண்ணகி இல்லத்தில் தனித்திருந்தாள். இன்று கடற்கரைக்கு வரும் பயணியை எதிர்கொள்பவள் அவளே.

குறுகிய காலப் பயணியின் மெரினா பெரிதும் இச்சிலைகளுக்கும் 1977இல் திறக்கப்பட்ட இன்றைய கலங்கரை விளக்கத்திற்கும் இடைப்பட்டதே. 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கிய பின் அங்கு வந்து சேர்வது எளிதாயிற்று. காணும் பொங்கலன்று சுற்றுவட்டக் கிராமத்தார் கட்டுச்சோற்றுடன் வந்து மணலில் அமர்ந்து உண்டு செல்லும் வழக்கம், ஆளுநர் மனத்தில் இருந்த உலாவைவிடப் புகாரின் கடலாட்டிற்கே நெருக்கமானது.

இடையூறு என்னும் சொல்

உழைப்பாளர் சிலையைக் கடற்கரையில் நிறுவிய அதே அரசமைப்பு, உழைப்பாளரைக் கரையிலிருந்து அகற்றவும் முயன்றது. 1985ஆம் ஆண்டின் இறுதியில் கடற்கரையை அழகுபடுத்தும் நோக்குடன் மணலில் இருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. மீனவர் எதிர்த்தனர். டிசம்பரில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கட்டுமரம் மணலில் இருப்பது அழகுக்குக் கேடு என்னும் எண்ணம் 1884இல் எழுதப்பட்ட ஆணை எதிலும் இருந்திருக்கத் தேவையில்லை. கரையை நடைபாதையிலிருந்து பார்க்கப் பழகிய கண்ணே அதற்குப் போதுமானது.

1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கரையோரக் கட்டுமானங்களுக்கு வரம்பு விதித்தது. அதற்கு மாற்றாக வந்த 2011ஆம் ஆண்டின் அறிவிக்கை, மீனவரின் பொதுப்பயன்பாட்டு இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றும், அவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டமிட வேண்டும் என்றும் கூறியது. சட்டம் முதன்முறையாகக் கரையை உழைப்பிடமாகவும் நோக்கியது எனலாம். நடைமுறை வேறாக இருந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிச் செல்லும் லூப் சாலை குப்பங்களுக்கும் கடலுக்கும் இடையே அமைந்தது. சாலையோரத்தில் மீன் விற்ற பெண்கள் போக்குவரத்துக்கு இடையூறு என 2023 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது, கடைகள் அகற்றப்பட்டன, மீனவர் சாலையில் படகுகளை நிறுத்திப் போராடினர். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீர் வசதியும் கிடைத்தமை விற்போருக்கு நன்மையே. ஆயினும் சாலை வந்து கரையை மறித்ததா, கரையில் விற்போர் சாலையை மறித்தனரா என்னும் அடிப்படை வினாவை அங்காடி தீர்க்கவில்லை.

சுவரின் மறுபுறம்

மெரினாவின் கணக்கு நேப்பியர் பாலத்துடன் முடிவதில்லை. துறைமுகச் சுவரின் தெற்கே தேங்கிய மணல், வடக்கே உள்ள கரைக்குச் சேரவேண்டியது. அது வராமற்போகவே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளில் கரையரிப்புத் தொடர்ந்தது. வடசென்னை மீனவக் குடியிருப்புகள் கடலிடம் நிலம் இழந்தன; எஞ்சியதைக் காக்கக் கருங்கற் பாறைகள் கொட்டப்பட்டன. தென்சென்னைக்கு உலாவிடம் கிடைத்த அதே காலப்பகுதியில் அதே காரணத்தால் வடசென்னை கரை இழந்தது என்பதைப் பொறியியல் அறிக்கைகள் பதிவு செய்துள்ளன; நகர வரலாறுகள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது அரிது. மெரினாவைக் காண வரும் பயணியை எந்தச் சுற்றுலாப் பேருந்தும் துறைமுகத்திற்கு வடக்கே அழைத்துச் செல்வதில்லை. சென்றால் அவர் அங்கே காண்பது சாலையை ஒட்டி அடுக்கிய பாறைகளையும், அவற்றின் மேல் மோதும் அலையையுமே. படகை இழுத்து ஏற்ற மணல் இல்லாத இடங்களில் பாறைகளுக்கிடையே கிடைத்த சிறு இடைவெளியே மீனவருக்குத் துறையாகப் பயன்படுகிறது.