நில எடுப்பும் நேரிய இழப்பீடும் – ஒரு வரலாற்று நோக்கு

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனின் முன் வெள்ளைக்குடி நாகனார் பொன்னும் பொருளும் கேட்டு நிற்கவில்லை. பழைய விளைநிலங்களின்மேல் ஏறிக் கிடந்த வரிக்கடனை நீக்கித் தருமாறு வேண்டி நின்றார். வேண்டியதைப் பெற்றும் சென்றார். புறநானூற்றின் 35-ஆம் பாட்டும் அதன்கீழ் உள்ள குறிப்பும் தரும் செய்தி இது. நிலம் பற்றிய வழக்கில் உழவர் பக்கம் நின்று அரசனோடு பேசுவது புலவர்க்கு உரிய பணி என்று அன்று கருதப்பட்டது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த இலக்கண மரபில் இது வியப்பிற்குரியதன்று. அரசு ஒருவர் நிலத்தை எடுத்துக்கொள்ளும்போது அவர்க்குத் தரவேண்டிய ஈடு யாது என்னும் கேள்வியும் அந்த மரபினர் கருதத்தக்கதே.

சோழர்காலக் கல்வெட்டுகளில் இக்கேள்வியின் இரு முகங்களும் காணப்படுகின்றன. ஊர்ச்சபையார் கோயிலுக்கோ தனியார்க்கோ நிலம் விற்றபோது பெருநான்கெல்லை குறித்து, இசைந்த விலைப்பொருளை முழுதும் பெற்றுக்கொண்டதாக அறிவித்து, விலையாவணம் எழுதினர். விலை என்பது இரு தரப்பாரும் இசைந்து கண்டது என்னும் கருத்து அவற்றில் தெளிவாக உள்ளது. அதே கல்வெட்டுகளில் ‘குடிநீக்கிய தேவதானம்’, ‘குடிநீங்காத் தேவதானம்’ என்னும் வழக்குகளும் உள்ளன. முன்னது பழைய குடிகளை அகற்றிவிட்டு அளித்த நிலம். பின்னது அவர்களை இருத்திக்கொண்டு அளித்த நிலம். நிலம் கைம்மாறும்போது அதில் வாழ்வோர் நிலை என்னாகும் என்பது தனியே குறித்துவைக்க வேண்டிய செய்தியாகவே அன்றும் இருந்திருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நில எடுப்பு எழுத்துவடிவச் சட்டமாயிற்று. 1824-ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறை இதற்குத் தொடக்கம். சென்னை மாகாணத்திற்கு 1852-இல் தனிச்சட்டம் பிறந்தது. இருப்புப்பாதைகளும் கால்வாய்களும் பெருகப் பெருக, 1857, 1870 ஆகிய ஆண்டுகளில் பொதுச்சட்டங்கள் வந்தன. இறுதியாக 1894-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் அமைந்தது. விடுதலைக்குப் பின்னும் நிலைத்து, ஏறத்தாழ 120 ஆண்டுகள் இந்நாட்டின் நிலத்தை ஆண்டது அச்சட்டம். ‘ஆர்ஜிதம்’ என்ற சொல் சிற்றூர்களில் அச்சத்திற்குரிய சொல்லாக நிலைத்ததும் அதனாலேயே.

அச்சட்டத்தின் இரண்டு பிரிவுகள் ஊன்றிப் படிக்கத்தக்கவை. 23-ஆம் பிரிவு கணக்கில் கொள்ள வேண்டியவற்றைக் கூறும். சந்தை மதிப்பு, நிற்கும் பயிர், மரங்கள், ஒரு பகுதியை எடுப்பதால் எஞ்சிய நிலத்திற்கு நேரும் கேடு, வீட்டை மாற்றிக்கொள்ளும் செலவு ஆகியன அதில் இடம்பெறும். இவற்றோடு, எடுப்பு கட்டாயமானது என்பதனால் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பதினைந்து மிகுதியாகத் தரப்படும். இதற்குத் தமிழில் ‘ஆறுதல் தொகை’ என்று பெயர். 24-ஆம் பிரிவு கணக்கில் கொள்ளக்கூடாதவற்றைக் கூறும். உடைமையாளர்க்கு அந்நிலத்தை விட்டுப் பிரிய மனமில்லாமை அவற்றுள் ஒன்று. மனமின்மையைக் கருதாதே என்று ஒரு பிரிவும், மனமின்றித் தருவதற்கு ஆறுதல் கொடு என்று மற்றொரு பிரிவும் அடுத்தடுத்து நிற்கின்றன. பாட்டன் வைத்த புளியமரத்திற்கு விலை உண்டு. அதன் நிழலுக்கு இல்லை.

சந்தை மதிப்பு என்பது யாது? சென்னை மாகாணத்து விசாகப்பட்டினத் துறைமுகத்தை ஒட்டிய நிலம் பற்றிய வழக்கில், 1939-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு விடை கண்டது. அந்நிலத்தில் ஊற்று ஒன்று இருந்தது. நிலத்தின் மறைந்திருக்கும் பயன்திறனையும் மதிப்பில் சேர்க்க வேண்டும்; அத்திறனை வாங்கக்கூடியவர் எடுக்கும் அதிகாரி ஒருவரே ஆயினும் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. விற்க விரும்பும் ஒருவரும் வாங்க விரும்பும் ஒருவரும் பேசிக் காணும் விலையே அளவுகோல் ஆயிற்று. கட்டாயத்தால் எடுக்கப்படும் நிலத்திற்கு விருப்பத்தால் நிகழும் ஒரு விற்பனையைக் கற்பனை செய்து விலை காணும் முறை இது.

விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வழக்கு அரசியலமைப்பின் வழக்காக உயர்ந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்த நிலம் எடுத்த மேற்குவங்க அரசு, எப்போது எடுத்தாலும் 1946 டிசம்பர் 31-ஆம் நாளின் மதிப்புக்கு மேல் தரலாகாது என்று சட்டம் செய்தது. இழப்பீடு என்றால் இழந்ததற்கு நேரிய ஈடாக இருத்தல் வேண்டும் என்று கூறி, 1953-இல் பேலா பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வரம்பைத் தள்ளியது. 1955-இல் நான்காம் திருத்தத்தின் வழியாக நாடாளுமன்றம் மறுமொழி தந்தது. இழப்பீடு போதுமா என்பதை நீதிமன்றம் ஆராய இயலாது என்பது அதன் சாரம்.

அத்திருத்தத்தை வன்செயல் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பெருநிலக்கிழார்க்கு முழுவிலை தந்துதான் நிலச்சீர்திருத்தம் செய்ய வேண்டும் என்றால், வறிய நாட்டில் அது என்றும் நிகழாது என்று ஆள்வோர் கருதினர். அரசு சாலை அமைத்ததால் உயர்ந்த விலையை அரசே ஏன் தரவேண்டும் என்ற வினாவும் இருந்தது. இவ்வினாக்களுக்கு வலிமை உண்டு. ஆயினும் அதே விதி ஐந்து ஏக்கர் உழவனையும் ஐம்பதாயிரம் ஏக்கர் ஜமீன்தாரையும் ஒரே தட்டில் நிறுத்தக்கூடியது.

சென்னை அரசு வீட்டு வசதித் திட்டங்களுக்காக 1961-இல் இயற்றிய திருத்தச் சட்டம் இதனைச் சோதித்தது. நிலத்தின் வருங்காலப் பயன்திறனை அது கணக்கிலிருந்து நீக்கியது. ஆறுதல் தொகையை 15 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம், தொகை குறைந்தது என்பதற்காக அன்றி, சமன்மையற்றது என்பதற்காக அதனைத் தள்ளியது. அடுத்தடுத்த இரு மனைகளுள் ஒன்று மருத்துவமனைக்கு எடுக்கப்பட்டால் முழு ஈடும், மற்றொன்று வீட்டுத் திட்டத்திற்கு எடுக்கப்பட்டால் குறைந்த ஈடும் தருவது எவ்வாறு ஒக்கும்? இழப்பவன் இழப்பு இரண்டிலும் ஒன்றே.

இதன் மறுபக்கத்தையும் தமிழகம் கண்டது. ஊருக்குப் புறம்பே மனையின்றி வாழ்ந்த ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனை அளிக்க, விரைந்து நிலம் எடுக்கும் தனிச்சட்டம் 1978-இல் இயற்றப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற ஒரு விதியை மட்டும் தள்ளியது. நோக்கம் நல்லது, ஆயினும் அந்நோக்கத்தின் செலவை நிலம் தந்தவர் ஒருவரே ஆண்டுக்கணக்கில் சுமக்கலாகாது என்பது அதிலிருந்து பெறப்படும் நெறி. இம்மரபில் வந்த தீர்ப்புகளுள் இரு தரப்பார்க்கும் நேர்மை செய்த தீர்ப்பு இது எனலாம்.

இதற்கிடையே 44-ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. 1979 முதல் அது 300-அ உறுப்பின் கீழ்ச் சட்டவழி உரிமையாக மட்டும் எஞ்சியது. மறுபுறம் 1984-இன் திருத்தம் ஆறுதல் தொகையை 30 விழுக்காடாக உயர்த்தி, தீர்வம் வழங்க இரண்டாண்டு வரம்பும் விதித்தது. முதல் அறிவிக்கை நாளின் விலையே விலை என்ற விதியால், ஆண்டுகள் கழிந்தும் பழைய விலை உறைந்து நின்ற கொடுமைக்கு அது ஓரளவு தடையாயிற்று.

2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ‘நியாயமான இழப்பீடு’ என்பதனைத் தன் பெயரிலேயே கொண்டது. ஊரகத்தில் சந்தை மதிப்பை இரு மடங்கு வரை பெருக்கவும், அதன்மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை தரவும் அது வழி செய்தது. நிலமின்றி, எடுக்கப்படும் நிலத்தை நம்பி மூன்றாண்டு வாழ்ந்த குத்தகையாளரையும் கூலித் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்றது. கல்வெட்டு குறித்த ‘குடி’ சட்டத்தின் கண்ணில் பட்டது அப்போதுதான். எனினும் நெடுஞ்சாலை, தொழில், ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலச் சட்டங்களைத் தமிழக அரசு தனியே காத்துக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அவை செல்லா என்றது. அவ்வாண்டே அரசு மீட்புச் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அதனை ஏற்றது. இழப்பீட்டு அளவு மத்தியச் சட்டத்தின்படியே. சமூகத் தாக்க ஆய்வு அவற்றில் இல்லை. விலை உண்டு, எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்கும் அவை இல்லை.

இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. முத்திரைத் தீர்வைக்கு அஞ்சிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது நம் ஊர்களின் நெடுநாள் வழக்கம். நிலம் எடுக்கப்படும் நாளில் சந்தை மதிப்புக்குச் சான்றாக வந்து நிற்பவை அந்தப் பத்திரங்களே. ஒருவர் மறைத்த விலை, அவருக்கும் அவர்தம் அண்டை நிலத்தார்க்கும் இழப்பாகத் திரும்புகிறது. சட்டம் எத்தனை மடங்கு பெருக்கினும், பெருக்கப்படும் எண் பொய்யாயின் விடையும் பொய்யே.

எனவே நேரிய இழப்பீட்டிற்கு மூன்று தேவை என்பது இவ்வரலாற்றால் புலனாகும்: மெய்யான விலை, காலந்தாழ்த்தாத கொடை, பத்திரமில்லாதவர்க்கும் பங்கு. முதல் இரண்டுக்கும் ஆவணங்கள் பேசும். மூன்றாவதற்கு ஆவணம் இல்லை; அதற்காக யாரேனும் வாய்திறந்து பேசியாக வேண்டும். வெள்ளைக்குடி நாகனார் நின்ற இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.