அட்டைப்படத்தை எடுத்தவர்

ஹிப்பி என்றதும் நம் மனதில் வருவது பெரும்பாலும் படங்கள்தான். வுட்ஸ்டாக்கில் ஒரே போர்வைக்குள் அணைத்தபடி நிற்கும் ஜோடி, தலையில் பூ வைத்த பெண்கள், கண்டபடி வண்ணமடித்த பஸ். கூடவே ஒரு நாவல்: ஜாக் கெரோவாக்கின் ‘ஆன் தி ரோட்’. ஐடி வேலையில் இருந்துகொண்டு அதைப் படிக்கும் யாருக்கும் ஒருமுறையாவது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, இன்னும் தோன்றுகிறது.

1951 ஏப்ரலில், ஒட்டி நீளமாக்கிய காகிதச் சுருளில், மூன்றே வாரத்தில் கெரோவாக் தட்டச்சு செய்த பிரதி அது. புத்தகமாக வந்தது 1957-ல். அமெரிக்காவைக் குறுக்கும் நெடுக்குமாகக் காரில் கடக்கும் அதன் நாயகன் டீன் மொரியார்ட்டி முழுக் கற்பனை இல்லை. அசல் ஆள் நீல் காஸடி, ரயிலில் பிரேக்மேன் வேலை பார்த்தவர்.

1964-ல் நாவலாசிரியர் கென் கீஸி ஒரு பழைய பள்ளிப் பேருந்துக்கு வண்ணமடித்து, நண்பர்களோடு கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் கிளம்பினார். ஹிப்பி யுகத்தின் தொடக்கம் என்று பலரும் சொல்லும் பயணம் இது. ஸ்டியரிங்கைப் பிடித்தது யார்? அதே காஸடிதான். நாவலுக்குள் கார் ஓட்டியவர் இப்போது நிஜத்தில் பஸ் ஓட்டுகிறார். போகிற வழியெல்லாம் அவர்கள் படம் பிடித்தார்கள், ஆனால் ஒலியும் காட்சியும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சுருள்களிலிருந்து ஒழுங்கான ஆவணப்படம் ஒன்று வர 2011 ஆனது.

காஸடியும் கெரோவாக்கும் தோளில் கைபோட்டு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாவலின் பேப்பர்பேக் அட்டையில் வந்த படம். சுதந்திரத்தின் முகம் மாதிரியே இருக்கும். 1952-ல் அதை எடுத்தவர் காஸடியின் மனைவி கரோலின். அப்போது அவருக்கு மூன்று சின்னக் குழந்தைகள். ஓவியமும் நாடகத்துக்கு ஆடை வடிவமைப்பும் தெரிந்தவர். நாவலில் அவர் பெயர் கமீல். டீன் போவதும் வருவதுமாக இருக்க, அழுவதும் கோபப்பட்டு வெளியே துரத்துவதும்தான் அவருக்குக் கிடைத்த பாத்திரம்.

1958-ல் கஞ்சா வழக்கில் கைதான காஸடி, இரண்டு வருடம் போலச் சிறையில் இருந்தார். ரயில்வே வேலை போனது. வீட்டை இழுத்துப் பிடித்தது கரோலின். 1963-ல் விவாகரத்து. பஸ் பயணம் அதற்கு அடுத்த வருடம். 1968 பிப்ரவரியில், மெக்சிகோவில், ரயில் தண்டவாளத்தோரம் நினைவின்றிக் கிடந்த காஸடி இறந்துபோனார். 42 வயதாக இன்னும் நான்கு நாள் இருந்தது.

இதனால் அந்தத் தாகமே பொய் என்று சொல்ல வரவில்லை. வேலை, வீடு, கடன் என்ற வரிசைக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்க முடியும் என்று ஒரு தலைமுறை நம்பியது பெரிய விஷயம்தான். ஆனால் ஒருவர் சாலையில் இருக்க, இன்னொருவர் பால் வாங்கவும் வாடகை கட்டவும் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. நாவல் அவரை ஓரத்தில் வைத்தது. புகைப்படத்தில் அவர் இல்லவே இல்லை, ஏனென்றால் கேமரா அவர் கையில் இருந்தது.

1990-ல் கரோலின் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார். பெயர் ‘ஆஃப் தி ரோட்’, அதாவது சாலைக்கு வெளியே. ‘ஆன் தி ரோட்’ படித்துக் கிறங்கிய நண்பர்களிடம் இப்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: “அடுத்ததா இதையும் படிச்சிடேன்.”