சர்ப்பகந்தியும் இரண்டு மாத்திரைகளும்

இடுக்கி மாவட்டச் சின்னக்கானலில் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டச் சென்றபோது, ஓய்வுபெற்ற தொழிலாளியான ஒரு பாட்டி தம் மாத்திரைப் பையைக் காட்டினார். இரவில் யானை வருமோ என்னும் அச்சம் அப்பகுதியில் அன்றாட வாழ்வின் ஓர் அங்கம். அரிக்கொம்பன் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டு வேறு காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட பின்னரும் அவ்வச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. பையில் இரு வகை மாத்திரைகள் இருந்தன: ஒன்று குளோனசெபாம், மற்றொன்று எஸ்சிட்டலோபிராம். “ரெண்டும் பயத்துக்குத்தானே தம்பி? யானை சத்தம் கேட்ட ராத்திரி, கையில எது கெடைக்குதோ அதப் போட்டுக்குவேன்” என்றார்.

இரண்டும் ஒன்றல்ல என்பதை உணர, இவற்றின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிக் காண வேண்டும். அவ்வரலாற்றின் ஒரு வேர் இந்திய மண்ணில் உள்ளது.

சர்ப்பகந்தியின் வேர், வட இந்தியாவில் ‘பாகல் கீ தவா’, அதாவது பித்தர்க்கான மருந்து, என்றே வழங்கப்பட்டது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் அது பயன்படுவதை ஆய்விதழில் பதிவு செய்தனர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, தில்லி திப்பியா கல்லூரியில் அவ்வேரிலிருந்து அஜ்மலின் முதலிய காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பில் அதன் பயனை பிரித்தானிய இதழொன்றில் வெளியிட, உலகின் பார்வை இதன்மீது திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரிசர்பினைப் பிரித்தெடுத்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அது அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் அமைதியூட்டியாக வழங்கப்பட்டது.

ரிசர்பின் செயற்படும் விதம் என்ன? நரம்பணுக்கள் செரட்டோனின், நார்அட்ரீனலின், டோப்பமின் ஆகியவற்றைச் சிறு பைகளில் சேமித்து வைக்கின்றன. அச்சேமிப்பை ரிசர்பின் தடுக்கிறது. வெளியே தங்கும் வேதிப்பொருள்களை நொதிகள் சிதைக்கின்றன. ரிசர்பின் மூளையின் செரட்டோனினை வற்றச் செய்வதை 1955இல் பிளெச்சர், ஷோர், பிராடி ஆகியோர் நிறுவினர். மருந்து உண்டவர்களுள் சிலர் மனச்சோர்வுக்கு ஆளானதாகவும் செய்திகள் வந்தன. ‘வற்றினால் சோர்வு எனில், பெருக்கினால் தெளிவோ?’ என்னும் வினாவிற்கு இவை வலுவூட்டின. அவ்வினா அத்துணை எளிதன்று எனப் பின்னாளைய ஆய்வுகள் காட்டினும், செரட்டோனின் மீள் உறிஞ்சலைத் தடுக்கும் மருந்துகள் அவ்வழியில்தான் பிறந்தன. பாட்டியின் எஸ்சிட்டலோபிராம் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. நாள்தோறும் தவறாது உண்டால்தான், அதுவும் சில வாரங்கள் கழித்தே, பலன் தெரியும்.

மற்ற மாத்திரையின் கால்வழி வேறு. ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த லிப்ரியம் 1960இலும், வேலியம் 1963இலும் சந்தைக்கு வந்தன. இவ்வகை மருந்துகள் மூளையின் தடையூக்கியான காபாவின் விளைவை மிகுவிக்கின்றன. குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் கூடுதலாகப் புகுவதால் அதன் துடிப்பு தணிகிறது. பயன் விரைவில் கிடைக்கும், பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். நெடுநாள் தொடர்ந்து உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இம்மருந்துகள் இப்பண்பினை உடையவை என்பது மருத்துவ உலகிற்கு முழுமையாக உறைக்கச் சுமார் இருபது ஆண்டுகள் ஆயின.

எனவே, யானை வந்த இரவில் மட்டும் எஸ்சிட்டலோபிராமை உண்பதால் அவ்விரவின் அச்சம் தணியாது. குளோனசெபாமை மனம்போல் கூட்டுவதும் நிறுத்துவதும் தீங்கு. பாட்டியின் அறியாமை என இதனைக் கடந்துவிட இயலாது. இரண்டையும் ‘பயத்துக்கு மாத்திரை’ என ஒரே சொல்லால் அவர் கையில் கொடுத்தனுப்பியது யார்? மலையாளத்தில் எழுதிய சீட்டை அவர் தமிழில் எவ்வாறு படித்திருக்க இயலும்?

மறுநாள் அவருடன் மருத்துவரிடம் சென்றேன். இப்போது காலை மாத்திரைப் பட்டையில் சூரியனும் இரவு மாத்திரைப் பட்டையில் நிலவும் வரையப்பட்டுள்ளன. யானைகள் இன்னும் வருகின்றன.