மேசையிலிருந்து நீக்கப்பட்ட படை

போன மாசம் ஒரு வாட்டர்லூ பிளாஸ்டிக் கிட் வாங்கினேன். 1/72 ஸ்கேல். ஒரு சிப்பாய் என் சுண்டுவிரல்ல பாதிகூட இல்லை. சட்டத்துல இருந்து வெட்டி, அச்சுக்கோட்டை பிளேடால சுரண்டி, பெயின்ட் அடிச்சு வரிசையா நிறுத்தினப்பதான் கவனிச்சேன். இங்கிலாந்துப் படை இருக்கு, பிரெஞ்சுப் படை இருக்கு. பிரஷ்யப் படை எங்கே?

1815 ஜூன் 18 அன்னிக்கு நெப்போலியனைத் தோற்கடிச்சதுல பிரஷ்யர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா அவங்க மாடல்ல இருந்து காணாமப் போறது புதுசு இல்லை. அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு.

வில்லியம் சிபோர்ன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. வாட்டர்லூ போர்க்களத்தை மாடலாச் செய்யச் சொல்லி 1830-ல ராணுவம் அவர்கிட்ட பொறுப்பைக் கொடுத்தது. மனுஷன் போர் நடந்த இடத்துல இருந்த லா ஏ சான்த் பண்ணை வீட்டுலயே எட்டு மாசம் தங்கி, மேடு பள்ளமெல்லாம் அளந்தார். போர்ல இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் போட்டு, "மாலை ஏழு மணி வாக்குல உங்க படை எங்கே நின்னது?"ன்னு கேட்டார். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. பிரஷ்யத் தரப்புகிட்டயும் விவரம் வாங்கினார்.

நடுவுல அரசாங்கம் பணத்தை நிறுத்திடுச்சு. கடன் வாங்கி முடிச்சார். சுமார் 75,000 குட்டி உலோகச் சிப்பாய்கள். 1838-ல லண்டன்ல காட்சிக்கு வெச்சப்போ கூட்டம் அலைமோதியது.

பிரச்சினை பிரஷ்யர்களால வந்தது. கிடைச்ச ஆதாரப்படி, ஏழு மணிக்கு அவங்க களத்துக்குள்ள நல்லா முன்னேறி நின்னாங்க. சிபோர்னும் அப்படியே வெச்சார். வெலிங்டன் தரப்புக்கு அது பிடிக்கலை. பார்க்கிறவங்க 'ஜெயிச்சது பிரஷ்யர்கள்தான்'னு நினைச்சுடுவாங்களாம். இத்தனைக்கும், போர் முடிஞ்ச கையோட அனுப்பின அறிக்கையில பிரஷ்யர்கள் சரியான நேரத்துல உதவினாங்கன்னு எழுதினவர் அதே வெலிங்டன்தான்.

கடன் கழுத்தை நெரிச்சது. கடைசியில சிபோர்ன் பிரஷ்யச் சிப்பாய்கள்ல ஏராளமானவங்களை மாடல்ல இருந்து எடுத்துட்டார். எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, டெஸ்ட்ல பாஸான கோடை மேலிடத்துக்காக டெலீட் பண்ற மாதிரி. அப்படியும் அவர் கடன் தீரலை, 1849-ல இறந்துபோனார். அந்த மாடல் இன்னிக்கும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்துல இருக்கு.

எனக்கு அவர் மேல கோபம் வரலை. எட்டு மாசம் மண்ணை அளந்தவருக்கு, தான் எதை எடுக்கிறோம்னு தெரியாம இருந்திருக்காது. அதுதான் மனசை அறுக்குது.

இப்போ என் மேசையில சின்னதா ஒரு வேலை ஓடுது. மிச்சமிருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களோட தொப்பி இறகை வெட்டி, மேல புட்டி தடவி, பிரஷ்யர்கள் மாதிரி உறை போட்ட தொப்பியா மாத்தறேன். கால்சட்டைக்குச் சாம்பல் நிறம். இதுவரை எட்டுப் பேர் தயார். பிளான்செனுவா கிராமத்துப் பக்கம், பிரெஞ்சுப் படையோட வலது ஓரத்துல நிறுத்தியிருக்கேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.